திரண்ட நிதியும் எழுதிய பத்திரமும்

தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டுவதென்றால், முன்பெல்லாம் ஊர்ப் பெரியவர் நால்வர் ரசீதுப் புஸ்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. கொடுப்பவர் முகத்தை வாங்குபவர் பார்த்தார். வாங்குபவர் யாரென்பதைக் கொடுப்பவரும் அறிந்திருந்தார். இக்காலத்தில் அவ்வளவு சிரமம் இல்லை. கைபேசியில் நான்கு வரி எழுதி, ஒரு படத்தையும் சேர்த்துச் சமூக வலைத்தளத்தில் இட்டுவிட்டால், எழுதியவர் தூங்கி எழுவதற்குள் கடல் கடந்த தேசங்களிலிருந்தும் பணம் வந்து சேர்ந்துவிடுகிறது. இது நன்மையான மாறுதலே என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஒரு குழந்தையின் வைத்தியச் செலவுக்காகவோ, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகவோ முகமறியாத மனிதர் ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் அனுப்பும் நிலை ஏற்பட்டிருப்பது மனித ஸமூகத்துக்குப் பெருமை தரும் விஷயமாகும்.

எனினும், இவ்வாறு திரளும் பணம் கொடுத்தவர் மனத்தில் எண்ணிய காரியத்துக்குப் போய்ச் சேருகிறதா என்ற கேள்வியை நம்மவர்களில் பலர் கேட்பதேயில்லை. கேட்பவர்களும் மோசடி ஒன்றையே மனத்தில் வைத்துக் கேட்கின்றனர். வேண்டுகோள் விடுத்தவர் யோக்கியர், பணம் பெற்ற ஸ்தாபனம் யோக்கியமானது, ஒரு காசும் களவு போகவில்லை. அப்படியிருந்தும் கொடுத்தவரின் எண்ணம் நிறைவேறாமற் போகக் கூடும். இது எவ்வாறு நேருமென்பதை விளக்க, ஆஸ்திரேலியாவில் 2020-ம் ஆண்டில் நடந்த ஸம்பவத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் நமக்குத் தெரியவில்லை. நேயர்கள் சிறிது பொறுமையுடன் அதைக் கேட்க வேண்டுகிறோம்.

நிதி பெருகிய விதம்

2019-ம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2020-ம் ஆண்டின் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியக் காடுகளில் மூண்ட பெருந்தீயை அந்நாட்டினர் ‘கறுப்புக் கோடை’ என்று குறிப்பிடுகின்றனர். தீயினால் நேரே உயிர் இழந்தவர் 33 பேர். அவர்களில் 9 பேர் தீயணைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர்கள். 3,000-க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. கணக்கற்ற பிராணிகள் மாண்டன. மிகுந்த சேதமுற்ற ராஜ்யங்களில் ஒன்று சிட்னி நகரைத் தலைநகராகக் கொண்ட நியூ ஸவுத் வேல்ஸ். அங்கே நாட்டுப்புறங்களில் தீயை எதிர்த்து நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் பெறாத தொண்டர்கள். விவசாயிகளும் கடைக்காரர்களும் உபாத்தியாயர்களுமாகிய இவர்கள் ஊருக்கு ஒரு படையாகச் சேர்ந்து, 1997-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட நாட்டுப்புறத் தீயணைப்பு ஸேவை என்ற அமைப்பின் கீழ் உழைக்கின்றனர்.

2020 ஜனவரி முதல் வாரத்தில், ஸ்ரீமதி செலஸ்டே பார்பர் என்ற ஹாஸ்ய நடிகை, தம் புக்ககத்தார் வசிக்கும் ஈடன் என்ற கடற்கரையூரைத் தீ நெருங்குவது கண்டு மனம் பதறி, ஃபேஸ்புக் வலைத்தளத்தில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். அவரைப் பின்தொடர்ந்து படிப்பவர்கள் பல லட்சம் பேர். அவர் முதலில் எதிர்பார்த்த தொகை 30,000 டாலர். வந்து சேர்ந்ததோ 5 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அன்றைய நாணய மாற்று விகிதப்படி நம் பணத்தில் ஏறக்குறைய 250 கோடி ரூபாய். கொடுத்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். தலைக்குக் கணக்கிட்டால் 40 டாலர் கூட ஆகவில்லை. குபேரர்கள் சிலர் அள்ளிக் கொடுத்ததனால் இந்நிதி பெருகவில்லை. நடுத்தரக் குடும்பத்தினர் உலகெங்குமிருந்து கிள்ளிக் கொடுத்தது மலையாயிற்று என்பது இதனால் விளங்கும்.

தொகை ஏற ஏற, ஸ்ரீமதி பார்பரின் மனமும் விரிந்தது. விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய ராஜ்யங்களுக்கும், தீயில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கும், காயமுற்ற வனவிலங்குகளுக்கும் இந்நிதியிலிருந்து பங்கு கிடைக்கச் செய்வதாக அவர் பகிரங்கமாகக் கூறினார். கேட்டவர்கள் மகிழ்ந்தனர், மேலும் கொடுத்தனர். அவர் உண்மையாகவே அவ்விதம் எண்ணினார் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் வேண்டுகோளை இட்டபோது, ‘பணம் யாருக்கு?’ என்ற இடத்தில் அவர் தெரிந்தெடுத்திருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். நியூ ஸவுத் வேல்ஸ் தீயணைப்பு ஸேவைக்கும் அதன் படைகளுக்குமாக ஏற்பட்ட நன்கொடை நிதி என்பதே அது. அந்த நிதிக்கு 2012-ம் ஆண்டில் எழுதப்பட்ட டிரஸ்டுப் பத்திரம் ஒன்று உண்டு. பணம் கொடுத்த 13 லட்சம் பேரில் அப்பத்திரத்தைப் படித்தவர் எத்தனை பேர் இருப்பர்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே நாம் நினைக்கிறோம்.

நீதிமன்றம் கூறியது

அப்பத்திரம் கூறுவது யாதெனில், நிதியிலுள்ள பணத்தை அந்த ராஜ்யத்துத் தீயணைப்புப் படைகளுக்குக் கருவிகளும் வசதிகளும் வாங்குவதற்கும் அவற்றைப் பழுது பார்ப்பதற்கும், பயிற்சி அளிப்பதற்கும், படைகளின் நிர்வாகச் செலவுக்கும் உபயோகிக்கலாம் என்பதே. வீடிழந்தவர், வனவிலங்கு, அடுத்த ராஜ்யம் என்ற பேச்சே அதில் இல்லை. தர்மகர்த்தர்கள் தர்மசங்கடத்துக்கு உள்ளாயினர். கொடுத்தவர்களின் விருப்பத்தைப் பூர்த்தி செய்ய அவர்களுக்கும் ஆசைதான். ஆனால் பத்திரத்தை மீறிச் செலவழித்தால் அது நம்பிக்கைத் துரோகமாகும். ஆகவே அவர்கள் செய்யத்தக்கதைச் செய்தனர்: சிட்னியிலுள்ள உயர்ந்த நீதிமன்றத்தை அணுகி, எது செய்யலாம், எது செய்யலாகாது என்று ஆலோசனை கேட்டனர்.

கனம் நீதிபதி ஸ்லாட்டரி 2020 மே மாதம் 25-ந் தேதி தம் முடிவைக் கூறினார். வேறு தர்ம ஸ்தாபனங்களுக்குப் பணம் கொடுக்க முடியாது. பிற ராஜ்யங்களின் தீயணைப்பு ஸேவைகளுக்கும் கொடுக்க முடியாது. பணியில் காயமுற்ற தீயணைப்புத் தொண்டர்களுக்கும், உயிர் நீத்த தொண்டர்களின் குடும்பங்களுக்கும் உதவ ஒரு நிதி வைக்கலாம். தொண்டர்களின் தேக நலத்துக்கும் மன நலத்துக்கும் வேண்டிய பயிற்சியும் ஆறுதல் உதவியும் அளிக்கலாம். கொடுத்தவர்களில் சிலர் இதற்கு மேலும் விரும்பியிருக்கக் கூடும் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் தர்மப் பணம் இன்னதற்குத்தான் என்ற நிச்சயம் சட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய தீர்மானம்.

இத்தீர்ப்பு பலருக்கு ஏமாற்றத்தை அளித்தது. வீடிழந்து கொட்டகையில் தங்கியிருந்த குடியானவனுக்கு, தன் துயரத்தின் படத்தைக் கண்டு இரங்கியவர்கள் கொடுத்த கோடிகளில் ஒரு டாலரும் கிடைக்க வழியில்லை என்று சொன்னால் அவன் மனம் எப்படியிருக்கும்? சட்டம் இருதயமற்றது என்று கூறுவது எளிது. ஆனால் இவ்விஷயத்தில் நீதிபதி கூறியதே சரியென்பது நமது அபிப்பிராயம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கொடுத்தவர்கள் 13 லட்சம் பேர். ஸ்ரீமதி பார்பர் தம் வாக்கை விரிவாக்குவதற்கு முன்பே பணம் கொடுத்தவர் எத்தனையோ பேர். அவர்கள் தீயணைப்புப் படைக்கென்றே கொடுத்தனர். பின்னால் ஒருவர் எழுதிய நான்கு வரியினால் முன்னால் கொடுத்தவர்களின் பணம் வேறு காரியத்துக்குத் திரும்பலாமென்றால், தர்மப் பணத்துக்குக் காவல் எங்கே இருக்கிறது? இன்று நல்ல மனமுடைய நடிகை ஒருவர் நல்ல காரியத்துக்காகத் திருப்புவார். நாளை வேறொருவர் அதே நியாயத்தைச் சொல்லித் தம் சொந்தக் காரியத்துக்குத் திருப்புவார். நல்லவர் கையைக் கட்டுகிற கயிறுதான் பொல்லாதவர் கையையும் கட்டுகிறது. ஒன்றை அவிழ்த்து மற்றொன்றை மட்டும் வைத்திருக்க இயலாது.

தவறு தீர்ப்பில் இல்லை, தொடக்கத்தில்தான் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும், வேண்டுகோள் தயார் என்று வலைத்தளம் அமைந்திருக்கிறது. தொட்ட பெயருக்குப் பின்னால் உள்ள பத்திரம் என்ன சொல்லுகிறது என்பதை, கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இரண்டு வரியில் கண்ணெதிரே காட்டியிருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. அதே ஸ்ரீமதி பார்பர் 2020 பிப்ரவரி 16-ந் தேதி சிட்னியில் நடந்த பெரிய ஸங்கீதக் கச்சேரியைத் தொகுத்து நடத்தினார். அக்கச்சேரியின் வசூல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், பாதிக்கப்பட்ட ராஜ்யங்களின் தீயணைப்பு ஸேவைகளுக்கும், பிராணிகளைக் காக்கும் சங்கத்துக்கும் என்று முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. முன்பு வாய் வார்த்தையால் முடியாதது அறிவிப்பின் வாசகத்தால் முடிந்தது.

பத்திரிகைக்கு வந்த ஒரு கடிதம்

வலைத்தளம் புதியது, இந்தச் சங்கடம் புதியதன்று. பத்திரிகை நடத்துகிற நாம், பத்திரிகையின் மூலமாகவே நேர்ந்த ஒரு பழைய சங்கதியை இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 1951 டிசம்பர் மாதம் 4-ந் தேதி மாலை, இங்கிலாந்தில் கில்லிங்ஹாம் என்ற ஊரில் அணிவகுத்து நடந்து சென்ற கடற்படைச் சிறுவர் கூட்டத்தின் மீது பஸ் ஒன்று ஏறி, 24 சிறுவர்கள் மாண்டனர். தேசமே கலங்கியது. சுற்றுவட்டத்து நகரத் தலைவர்கள் மூவர் ‘டெய்லி டெலிகிராப்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினர். ஈமச் செலவுக்கும், அங்கஹீனமடைந்த சிறுவர்களின் பராமரிப்புக்கும், பின்பு இறந்தவர்களின் ஞாபகார்த்தமாகத் தாங்கள் தீர்மானிக்கும் தகுந்த நற்காரியங்களுக்கும் நிதி வேண்டுமென்று அதில் கேட்டிருந்தனர். சுமார் 9,000 பவுன் சேர்ந்தது. அதில் பெரும் பகுதி, தெருவில் உண்டியல் குலுக்கியதில் பெயர் தெரியாதவர்கள் போட்ட சில்லறை.

முதல் இரண்டு காரியங்களுக்கும் செலவிட்டது போகப் பணம் ஏராளமாக மிஞ்சியது. மிஞ்சியதை என்ன செய்வது என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிற்று. ‘தகுந்த நற்காரியங்கள்’ என்ற சொற்கள் மிகவும் விரிந்தவை, சட்டம் அங்கீகரிக்கும் தர்மம் என்ற எல்லைக்குள் அவை அடங்கா என்று நீதிபதிகள் 1958-ல் கூறிவிட்டனர். ஆகவே மிஞ்சிய பணம் கொடுத்தவர்களுக்கே உரியதாயிற்று. உண்டியலில் ஆறு பென்ஸ் போட்ட மனிதரை எங்கே போய்த் தேடுவது? மாண்ட பாலகர்களின் பெயரால் சேர்ந்த பணம் எந்த நற்காரியத்துக்கும் உடனே பயன்படாமல் முடங்கிற்று.

இவ்விரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேடிக்கையான ஒற்றுமை புலப்படுகிறது. கில்லிங்ஹாமில் எழுதிய வாசகம் மிகவும் அகலமாக இருந்ததால் கெட்டது. சிட்னியில் எழுதியிருந்த பத்திரம் மிகவும் குறுகலாக இருந்ததால் கஷ்டம் நேர்ந்தது. இரண்டிலும் பணம் கேட்டவர்கள் பரிசுத்தமான எண்ணமுடையவர்கள். இரண்டிலும், கேட்ட வேகத்தில் ஒரு கேள்வியை மறந்தனர்: நாம் கேட்பதைவிட அதிகம் வந்துவிட்டால் என்ன செய்வது? குறைந்து போகுமோ என்ற கவலையில் இருப்பவனுக்கு நிறைந்து வழியுமென்ற நினைவு வருவதில்லை. வலைத்தளங்களின் காலத்தில் அந்த நினைவு அவசியம் வர வேண்டும். ஏனெனில் இவை வழியும்போது வெள்ளமாகவே வழிகின்றன.

பனிநீர் வாளி

கணக்கு நேராக அமைந்த உதாரணம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நாம் நேயர்களை அவநம்பிக்கையில் ஆழ்த்தியவராவோம். 2014-ம் வருஷத்துக் கோடையில் அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் பரவியது. பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை ஒருவர் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அக்காட்சியை வலைத்தளத்தில் இட்டு, தம் சிநேகிதர் மூவரை அவ்விதமே செய்யும்படி அல்லது நன்கொடை கொடுக்கும்படி அறைகூவுவார். உலகெங்கும் 1 கோடியே 70 லட்சம் பேர் இவ்விதம் நனைந்தனர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, கடைசியில் மூச்சுவிடவும் முடியாமற் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே இத்தனையும். அந்நோய்க்கென அமைந்த அமெரிக்கச் சங்கத்துக்குச் சில வாரங்களில் 11 கோடியே 50 லட்சம் டாலர் வந்தது. தண்ணீரை வீணாக்குகிறார்களே என்று குறை கூறியவர்களும் உண்டு. ஹைதராபாத்தில் ஒரு பெண்மணி, தண்ணீர் வாளிக்குப் பதிலாக அரிசி வாளியை ஏழை ஒருவருக்குக் கொடுக்கும்படி அறைகூவி, அந்த விளையாட்டை நம் நாட்டுக்கு ஏற்றதாக மாற்றினார்.

நாம் கவனிக்க வேண்டியது பணம் வந்த பிறகு நடந்ததை. ஆராய்ச்சிக்கு 7 கோடியே 70 லட்சம், நோயாளிகளின் உதவிக்கு 2 கோடியே 30 லட்சம், பொதுமக்களுக்கும் வைத்தியர்களுக்கும் அறிவு புகட்ட 1 கோடி, நிதி திரட்டும் செலவுக்கு 30 லட்சம், பணத்தை வாங்கிச் செலுத்தியவர்களின் கட்டணம் 20 லட்சம் என்று அச்சங்கம் பகிர்ந்து வெளியிட்டது. அந்நிதியின் உதவி பெற்ற விஞ்ஞானிகள் 2016-ல் அந்நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். அதே நிதியிலிருந்து 22 லட்சம் டாலர் பெற்று உருவான ஒரு மருந்து 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது. ஆனால் பெரிய அளவில் நடத்திய சோதனையில் அம்மருந்தால் பயனில்லை என்று தெரியவே, 2024-ல் அதைத் தயாரித்த கம்பெனியே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

அவ்வளவு பணமும் பாழ் என்று சிலர் கூறலாம். நாம் அவ்விதம் கருதவில்லை. ஆராய்ச்சி என்றால் பத்து வாசலைத் தட்டி ஒன்று திறப்பது. கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்கே செலவாயிற்று. வெற்றியும் சொல்லப்பட்டது, தோல்வியும் மறைக்கப்படவில்லை. இயக்கத்தைப் பரப்ப முன்னின்ற பீட் ஃபிரேட்ஸ், பாட் க்வின் என்ற இரு வாலிபர்களும் அந்நோயாலேயே முறையே 2019-லும் 2020-லும் காலமாயினர். தங்கள் உயிரை மீட்காத அந்தப் பணம் பின்வருபவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை. தர்மத்தில் பலனை நாம் உத்தரவாதம் செய்ய முடியாது. கணக்கை உத்தரவாதம் செய்ய முடியும்.

நம்மவர் செய்யத்தக்கது

நம் நாட்டிலும் இவ்வழக்கம் இப்பொழுது வேரூன்றிவிட்டது. வாட்ஸப் குழுக்களில் வேண்டுகோள் வராத நாள் இல்லை. சதுரக் குறியீட்டின் மேல் கைபேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. ஆகையால் மேற்சொன்ன வழக்குகளிலிருந்து நாம் கற்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறோம்.

வேண்டுகோள் எழுதுபவர் நான்கு விஷயங்களை முதல் நாளே எழுதிவிட வேண்டும்: யாருக்காக, என்ன காரியத்துக்காக, பணம் யார் பெயரிலுள்ள கணக்கில் சேரும், மிஞ்சினால் எங்கே போகும். நோயாளி ஒருவரின் சிகிச்சைக்குக் கேட்கும்போது இந்நான்காவது விஷயத்தைச் சொல்வதற்கு நா எழுவதில்லை. சிகிச்சை முடிந்து பணம் மிஞ்சினாலும், சிகிச்சை பலிக்காமல் போனாலும் என்ன செய்வதென்று எழுதுவது அமங்கலம் என்று எண்ணுகிறார்கள். எழுதாமல் விடுவதனால் பின்னால் உறவினருக்குள் விளையும் மனஸ்தாபம் அதைவிட அமங்கலமானது. மிஞ்சும் தொகை இன்ன ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளர் நிதிக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

கொடுப்பவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. பணம் செலுத்துமுன் கைபேசித் திரையில் பெறுபவர் பெயர் தோன்றுகிறது. வேண்டுகோளில் கண்ட பெயரும் அதுவும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு விநாடி போதும். வேறு யாரோ மாற்றி ஒட்டிய குறியீடாக இருந்தால் அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். ஸ்தாபனமாயின் அதன் நோக்கத்தையும் சென்ற ஆண்டுக் கணக்கையும் கேட்கலாம். கேட்பதை அவமரியாதையாக எண்ணும் ஸ்தாபனத்துக்குக் கொடுக்காமலிருப்பதே நலம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்களிடமிருந்து இங்குள்ள சங்கங்கள் நன்கொடை பெறுவதாயின், 2010-ம் வருஷத்து அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்னனுமதியோ அவசியம் என்பதையும் நினைவூட்டுகிறோம். நல்லெண்ணத்துடன் வாங்கிவிட்டுப் பிறகு விசாரணைக்கு உள்ளாவதில் யாருக்கும் லாபமில்லை.

பொதுத் தர்மங்களின் நோக்கம் நிறைவேற முடியாமற் போனால், அதற்கு மிகவும் நெருங்கிய வேறு காரியத்துக்குப் பணத்தைத் திருப்ப நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் உண்டு. ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவில் 1976-ல் செய்த திருத்தம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி. வக்கீல் தொழில் பயின்றவராகிய நாமே இதைச் சொல்லுகிறோம்: தர்மப் பணம் வக்கீல் கட்டணமாகக் கரைவதைக் காட்டிலும் பரிதாபமான காட்சி வேறொன்று இல்லை.

இதெல்லாம் மேல்நாட்டாரிடமிருந்து நாம் புதிதாகக் கற்க வேண்டிய வித்தையுமன்று. சோழர் காலத்துக் கோயில் சுவர்களைப் பார்ப்பவர் அறிவர். ஒரு நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தவன், அந்த ஆடுகளைப் பெற்ற இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்பது வரை கல்லில் வெட்டி வைத்தான். ஆடு சாகலாம், இடையன் சாகலாம், கொடுத்தவனும் சாகலாம். விளக்கு மட்டும் அணையலாகாது என்பது அவன் கருத்து. மொய் வைப்பவர் பெயரையும் தொகையையும் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதாமல் நம் கிராமத்தில் ஒரு கலியாணமும் நடப்பதில்லை. பத்து ரூபாய் மொய்க்குக் கணக்கு வைக்கத் தெரிந்த ஜனங்கள், பத்து லட்சம் ரூபாய் தர்ம நிதிக்குக் கணக்குக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கைபேசியில் அடுத்த வேண்டுகோள் வரும்போது நேயர்கள் கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதே நம் விருப்பம். தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன் வேண்டுகோளை ஒரு முறை கடைசி வரி வரையில் படியுங்கள். மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு வரிக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், அடுத்த முறை வேண்டுகோள் எழுதுபவர் தாமே அதை முன்கூட்டி எழுதிவிடுவார்.